புரியாதவர் முன்னால் பேசியது

மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பகுதிக்குப் பொறுப்பாளராக ஒருவர் இருந்தார். தயாரான மின்விசிறிகளைப் பெட்டி பெட்டியாகச் சரிபார்த்து லாரியில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. கீழே தொழிலாளர்களுக்கு அவர் டெஸ்பாட்ச்காரர். மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் ‘ஓகே சார்’.

இந்தப் பெயர் வந்த விதம் ரகசியமில்லை. இயக்குநர் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் இவர் தலையை ஆட்டி ‘ஓகே சார்’ என்பார். பாராட்டினாலும் அதுதான், திட்டினாலும் அதுதான். “நான் சொல்வது உமக்குப் புரிகிறதா, புரியவில்லையா?” என்று ஒருமுறை இயக்குநர் மேஜையைத் தட்டி ஆங்கிலத்தில் கேட்டபோதும் அதே சிரிப்போடு அதே பதில். பிறகு படியிறங்கி வந்து, பேக்கிங் பகுதிப் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்து, காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்து, மேலே என்ன சொன்னார்கள் என்று தமிழில் கேட்டுக்கொள்வார். பேக்கிங்காரருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்டபாடு. ஒவ்வொரு முறையும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் அவர் விளக்கத்தை ஆரம்பிப்பார். அந்தப் பெருமூச்சு இல்லாமல் ஒரு வாக்கியம்கூட மொழிபெயர்ந்து வந்ததில்லை. ஆனால் வேலை தவறியதில்லை என்பதால் டெஸ்பாட்ச்காரர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் கொஞ்சம் சிக்கல். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தார். வாயைத் திறக்க முடியாமல் வருகிறவர்களிடமும் ஆங்கிலத்தில் விசாரித்துப் பழகியவர். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு பயன்தான்: அவருக்குத் தெரியக்கூடாததைப் பேசுவது. அம்மாவும் மகளும் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவினால் அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு சரளமாகப் பேசுகிறார்கள் என்று அதன் பின்னால் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

பெருமை ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் முடிந்தது. இருவரும் வழக்கம்போல ஆங்கிலத்துக்குப் போனார்கள். ‘ஃபாதர்’ என்ற சொல் வந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஏதேதோ ஓடியது. கடைசியில் ‘ஹோப்லெஸ்’ என்று வந்தது. இருவரும் அவரைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்கள். ஃபாதருக்கும் ஹோப்லெஸுக்கும் நடுவில் என்ன போனது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மறுநாள் பேக்கிங்காரரிடம், இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் பொதுவாக என்ன வரும் என்று கேட்டார். பேக்கிங்காரர் பெருமூச்சு விட்டு, எது வேண்டுமானாலும் வரும் என்றார். அன்றைக்கே டெஸ்பாட்ச்காரர் ஆங்கிலம் கற்றுக்கொள்வதென்று முடிவெடுத்தார். யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் அந்த முடிவில் அடக்கம். ஒட்டுக் கேட்கக் கற்றுக்கொள்பவர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டா கற்றுக்கொள்வார்?

செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று நடந்தது. வேலை முடிந்து, கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போனார். மாஸ்டர் டை கட்டியிருந்தார். மின்விசிறி இல்லாத அறையில் டை கட்டுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும் என்று டெஸ்பாட்ச்காரருக்குத் தோன்றியது. மாணவர்கள் வரிசையாக எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். எல்லோரும் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கினார்கள். படிக்காதவன்தான் அப்படிப் பேசுவான் என்று மாஸ்டர் சீறினார். எது சரி என்று ஒரு மூலைக்குரல் கேட்டதும், அது அடுத்த பாடம் என்று சொல்லிவிட்டார். அடுத்த பாடம் வருவதற்கே பல வாரம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் அந்த வகுப்பில் யாருக்கும் தான் யார் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல் இருந்தது.

மாஸ்டருக்கு ஒரே ஒரு பகை. ‘ஹீ டோன்ட்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கையிலிருந்த ஸ்கேலால் மேஜையில் ஓங்கித் தட்டுவார். “டஸன்ட்!” மொத்த வகுப்பும் திருப்பிச் சொல்ல வேண்டும். தினமும் இதே பஜனை. டெஸ்பாட்ச்காரர் பல் தேய்க்கும்போதுகூட அது தானாக வாயில் வந்தது.

மாஸ்டர் ஆங்கிலத்திலேயே யோசிக்கச் சொன்னார். டெஸ்பாட்ச்காரர் ஸ்கூட்டரில் போகும்போது யோசித்துப் பார்த்தார். சிக்னல். ரெட். ஐ ஸ்டாப். பிறகு பச்சை விழும்வரை யோசிக்க ஒன்றுமில்லை. இதில் ஒரு லாபம் இருந்தது. லாரி வராதது, முதுகு வலி, சர்க்கரை நோய் என்று தமிழில் அவரிடம் வண்டி வண்டியாகக் கவலை இருந்தது. ஆங்கிலத்தில் கவலைப்படும் அளவுக்கு அவரிடம் சொல் இல்லை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் இடையில் இப்படி நிம்மதியாக அவர் போய்வந்து பல காலம் ஆகியிருந்தது. சொற்கள் சேரச் சேர அந்த நிம்மதியும் போய்விட்டது என்பது வேறு.

செல்போனில் ஓர் ஆப் இறக்கிக்கொண்டார். அது, யானை என் செய்தித்தாளைப் படிக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னது. சரியாகச் சொன்னால் கைதட்டும். கைதட்டலுக்காகவே அவர் பெட்டிகளின் இடுக்கில் நின்று யானையைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுமை ஏற்றுகிறவர்கள் அதைப் பார்த்தார்கள். பெட்டிகளோடு பேச ஆரம்பித்துவிட்டார், இனி ரொம்ப நாள் தாங்காது என்று தங்களுக்குள் முடிவுசெய்து, அவரிடம் அதிர்ந்து பேசாமல் இருந்தார்கள்.

டிவியில் வெளிநாட்டுக்காரர்கள் கேக் செய்து போட்டி போடும் நிகழ்ச்சியையும் விடாமல் பார்த்தார். சத்தத்தைக் குறைத்துவைத்து, மகளுக்கு அதில் என்ன சுவாரசியம் என்று கேட்க இடம் கொடுக்காமல் பார்த்தார். முதன்முதலாக அவருக்கு முழுசாகப் புரிந்த ஆங்கில வாக்கியம், ஒரு குண்டு மனிதர் அழுதுகொண்டிருந்த பெண்ணிடம், உன் கேக் நடுவில் வேகவில்லை என்று சொன்னது. புரிந்த சந்தோஷத்தில் அவர் கைதட்டிவிட்டார். ஒரு பெண் அழும்போது கைதட்டுகிற அளவுக்கு இந்த மனிதர் எப்போது மாறினார் என்று மனைவி கவலையோடு பார்த்தார்.

கேட்பது வந்துவிட்டது. பேச ஆள் வேண்டுமே. வாஷிங் மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்து, ஆங்கிலத்துக்கான பொத்தானை அமுக்கினார். ஒரு பெண் அன்பாக விசாரித்தாள். மெஷின் சத்தம் போடுகிறது என்றார். இன்னொரு நாள், மெஷின் சத்தமே போடவில்லை என்றார். பிறகொரு நாள் தண்ணீர் நிற்கவில்லை, அப்புறம் தண்ணீர் போகவில்லை. உள்ளே மெஷின் ஒரு குறையும் இல்லாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒரே பெண்தான் பேசினாள். ஒருநாள் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நீளமான வாக்கியத்தைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்முனையில் குரல் தாழ்ந்து தமிழில் வந்தது.

“சார், தப்பா நெனைக்காதீங்க. மெஷின் நல்லாத்தானே ஓடுது?”

டெஸ்பாட்ச்காரருக்குக் காது சூடேறியது. “நல்லா ஓடுதும்மா” என்றார்.

“நானும் இப்படித்தான் சார் கத்துக்கிட்டேன். வங்கிக்குப் போன் போட்டுப் போட்டு. என்கிட்ட அக்கவுண்டே கிடையாது.” சற்று நிறுத்திவிட்டு, “போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவோ தேவலை சார். ஆனா ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா எங்கயாவது முடிங்க. உங்களை லைன்ல வெச்சுக்கிட்டு என்னால தண்ணிகூடக் குடிக்க முடியல” என்றாள்.

மாஸ்டரிடம் கற்றதைவிட அந்த ஒரு அறிவுரை அதிகம் உதவியது. அவர் வாக்கியங்களை முடிக்கத் தொடங்கினார்.

பிறகு ஒருநாள் அது நடந்தது. அடைத்திருந்த காது படாரென்று திறந்துகொண்ட மாதிரி, மனைவியும் மகளும் பேசியது முழுக்கப் புரிந்தது. செய்தித்தாளுக்குப் பின்னால் அவர் மூச்சுவிடாமல் கேட்டார். இனிப்பு டப்பாவை அலமாரியின் பின்பக்கம் மாற்றி வைத்தாயிற்றா என்று மகள் கேட்டாள். அங்கேயும் தேடுவார், காலியான துவைக்கிற பொடி டப்பாவில் போட்டுவிட்டேன் என்றார் மனைவி. அப்புறம் சோபாவுக்குப் புது உறை, அவர் நடுவீட்டில் நகம் வெட்டுவது, அவருடைய பழுப்புப் பேண்ட்டை எப்படி ஒழிப்பது. வாரக் கணக்கில் கேட்டும் இதுதான். இதற்கா இவ்வளவு பெரிய மொழி என்று அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துவைக்கிற பொடி டப்பாவிலிருந்து ஓர் இனிப்பை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவராக இருந்தார்.

கம்பெனியில்தான் விஷயம் கனமாக இருந்தது. இயக்குநரும் மேனேஜரும் அவரை நிற்க வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுவார்கள். அறையில் இன்னொரு நாற்காலி இருப்பதுபோல்தான் அவர் இருப்பதும். அன்றைக்குப் பேச்சு இரண்டு பகுதிகளைப் பற்றி. பேக்கிங்கையும் டெஸ்பாட்சையும் ஒன்றாக்கிவிடலாம், ஒரு பொறுப்பாளர் போதும், யாரை அனுப்புவது என்று இயக்குநர் கேட்டார். பேக்கிங்காரரை அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். அவன் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறான். இந்த ஆள் தேவலை. எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், எதிர்க்கேள்வி கிடையாது.

தான் பிழைத்ததற்குக் காரணம் தன் அறியாமைதான் என்பது டெஸ்பாட்ச்காரருக்குப் புரிந்தது. புத்திசாலி என்றால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். அவரும் மூடிக்கொண்டுதான் இருந்தார். நண்பனுக்காகப் பொங்கி எழ வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் மேனேஜர் அத்தோடு நிறுத்தவில்லை. டெஸ்பாட்ச்காரரை நோக்கிக் கையைக் காட்டி, “ஹீ டோன்ட் நோ எனிதிங் சார்” என்றார்.

ஸ்கேல் மேஜையில் விழுந்த சத்தம் டெஸ்பாட்ச்காரருக்குக் காதுக்குள் கேட்டது.

“டஸன்ட் சார்” என்றார்.

மேனேஜரின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இயக்குநர் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எவ்வளவு காலமாக உங்களுக்கு ஆங்கிலம் புரிகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அடிப்படையிலிருந்து இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் வாக்கியத்தின் வாலும் தலையும் போய் நடுத்துண்டு மட்டும் வெளியே வந்தது.

“ஃப்ரம் பிகினிங் சார்.”

தொடக்கத்திலிருந்தே என்றால் இந்த மனிதர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. இயக்குநரும் மேனேஜரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் முன்னால் என்னென்ன பேசினோம் என்று இருவரும் உள்ளுக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. நீங்கள் போகலாம் என்று இயக்குநர் தமிழில் சொன்னார். அவருக்குத் தமிழ் வரும் என்பதே டெஸ்பாட்ச்காரருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் கீழே வந்து பெட்டிகளின் நடுவே நின்றார். கொஞ்ச நேரத்தில் மேனேஜரே படியிறங்கி வந்தார். அவர் கீழே வருவது தீயணைப்புப் பயிற்சிக்கு மட்டும்தான். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். சட்டை நாறுகிறது என்று தான் சொன்னதெல்லாம் விளையாட்டுக்கு, மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றார். அப்படிச் சொன்னாரா என்று டெஸ்பாட்ச்காரர் யோசித்தார். பிறகு மேனேஜர் இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த அசிஸ்டென்ட் மேனேஜர் போஸ்ட் விஷயத்துல எனக்கு உறுத்தல்தான் சார். அது உங்களுக்கு வரவேண்டியது. வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டா உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு டைரக்டர் உங்களையே கேட்டாரு. நீங்க சிரிச்சுக்கிட்டே ஓகேன்னுட்டீங்க. புரியாமத்தான் சொல்றீங்கன்னு நான் வாயை மூடிக்கிட்டேன். இப்பத்தான் தெரியுது, புரிஞ்சே விட்டுக் குடுத்திருக்கீங்க. உங்களுக்குப் பெரிய மனசு சார்.”

டெஸ்பாட்ச்காரர் தன் பதவி உயர்வைத் தானே சிரித்தபடி தாரை வார்த்திருக்கிறார். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து, என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்காமல், இன்றைக்கு டைரக்டர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார் என்று சொல்லிப் பேக்கிங்காரருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததுகூட ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது ஒரு எழவும் புரியவில்லை என்று இப்போது கத்தினால் கிடைத்த மரியாதையும் போகும். “அதெல்லாம் இருக்கட்டும் சார்” என்றார். பெரிய மனசுக்காரர் வேறெப்படிப் பேசுவார்?

பேக்கிங்காரரிடம் போய் மாடியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முன்கூட்டியே எச்சரித்ததற்கு நன்றி வரும் என்று எதிர்பார்த்தார். பேக்கிங்காரர் இந்த முறை பெருமூச்சு விடவில்லை. “அப்போ இத்தனை வருஷம் எல்லாம் புரிஞ்சுக்கிட்டே, என்னை உக்காத்தி வெச்சு மொழிபெயர்க்கச் சொல்லி வேடிக்கை பாத்திருக்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். தொடக்கத்திலிருந்தே அவருக்கு ஆங்கிலம் புரியும் என்ற வதந்தி அவருக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிப் பார்த்தார். நம்ப ஆளில்லை. இவ்வளவு சீக்கிரம் யார் ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள் என்பது பேக்கிங்காரரின் வாதம். அந்த வாதத்தில் ஒரு பாராட்டும் ஒளிந்திருந்ததால் டெஸ்பாட்ச்காரர் அழுத்தி மறுக்கவும் இல்லை.

வீட்டில் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டார். தொடக்கத்திலிருந்தே என்று சொல்லி இயக்குநர், மேனேஜர் முகத்தில் ஈயாடாமல் செய்த கட்டத்தை நடித்தும் காட்டினார். சிரிப்பார்கள் என்று பார்த்தார். மனைவியின் முகத்திலும் ஈயாடவில்லை.

“அப்போ வீட்ல பேசினதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதாங்க?”

இங்கேதான் அவர் தப்புச் செய்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கம்பெனியில் ருசி கண்டிருந்ததால், ஒன்றும் சொல்லாமல் லேசாகப் புன்னகைத்தார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. எல்லாம் தானாக வந்து விழுந்தது. அவருடைய தங்கை குடும்பத்தோடு வருகிறேன் என்றபோதெல்லாம் தனக்கு வந்த காய்ச்சல் நிஜக் காய்ச்சல் இல்லை என்று மனைவி ஒப்புக்கொண்டார். சலவைக்காரர் தொலைத்துவிட்டதாக மனைவி சொல்லியிருந்த அவருடைய நீலச் சட்டை இப்போது தெருக் காவல்காரர் மேல் இருக்கிறது. அந்தக் காவல்காரரைப் பார்த்து, நம்மிடமும் இப்படி ஒரு சட்டை இருந்தது என்று அவர் ஒருமுறை ஏக்கத்தோடு சொன்னது மனைவியை இன்னும் குத்திக்கொண்டிருந்ததாம். தெரிஞ்சிருந்தும் காட்டிக்கலையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் கடைசியாகப் பேசினாள். கல்லூரியில் பெற்றோர் சந்திப்பு அம்மாக்களுக்கு மட்டும் என்று சொன்னது பொய் என்றாள்.

“ஏம்மா?” என்றார்.

“நீங்க வந்தா எல்லார்கிட்டயும் ஓகே, ஓகேன்னு தலையாட்டிக்கிட்டே இருப்பீங்கப்பா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்க.”

அவருக்கு முதலில் வாய்க்கு வந்த சொல் அதுவேதான். அதை விழுங்கிக்கொண்டு, “சரி” என்றார். எழுந்து போய் வராந்தாவில் நின்றார். இத்தனை நாள் ஒட்டுக் கேட்டதில் இனிப்பு டப்பாவும் பேண்ட்டும்தான் கிடைத்தன. வலித்ததெல்லாம் சுத்தத் தமிழில், அதுவும் மன்னிப்பாக வந்தது. ஆங்கிலம் தெரியாமலே கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு கம்பெனியில் பகுதிகள் இணைப்பு தள்ளிப்போடப்பட்டது. கேள்வி கேட்காத ஆள் ஒருவராவது இருந்தால்தானே இன்னொருவரை அனுப்ப முடியும். மாடியில் அவர் நுழைந்தாலே பேச்சு நின்றது. முக்கியமானதைப் பேச இருவரும் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்கள். மேனேஜருக்கு மட்டும் ‘டோன்ட்’டில் பயம் பிடித்துக்கொண்டது. எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் டெஸ்பாட்ச்காரருக்கு அனுப்பி, பார்த்துத் தரச் சொன்னார். அவரும் செல்போன் ஆப்பைக் கேட்டுப் பார்த்துத் திருத்தி அனுப்பினார். லாரி வேலையும் குறையவில்லை, இந்த வேலைக்குப் பெயரும் இல்லை. வீட்டில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து செல்போனில் தட்டிக்கொண்டார்கள். ஒருவர் தட்டி முடித்தால் மற்றவர் சிரிப்பார். அதைப் படிக்க எந்த மாஸ்டரும் வகுப்பு நடத்தவில்லை.

மகளின் கல்லூரியில் அடுத்த பெற்றோர் சந்திப்பு வந்தது. இந்த முறை மறைக்க மொழி மிச்சமில்லாததால் அவரையும் கூட்டிப்போனார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஆங்கிலத் துறைப் பேராசிரியர் கைகுலுக்கி, உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு ஒரு நன்றி போதும்.

டெஸ்பாட்ச்காரர் பேராசிரியரின் கையை விடவில்லை. ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளும் வழிகளை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். கேக் போட்டி பார்க்க வேண்டும். ஸ்கூட்டரில் யோசிக்க வேண்டும். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறதா? எதற்கென்று தெரியாமலே பேராசிரியர், ‘இருக்கிறது’ என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு இவர் தொடர்ந்தார். பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதில் ஓர் உச்சரிப்பை டெஸ்பாட்ச்காரர் அன்பாகத் திருத்தினார். தவறாகத்தான் திருத்தினார். பேராசிரியர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

மகள் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் போய், அதிலிருந்த பழைய தேர்வு அட்டவணையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தோழி ஒருத்தி வந்து, அங்கே பேசிக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்டாள். தெரியாது என்று அவள் சொன்னாள். மனைவி போய்ப் புருஷனின் முழங்கையைத் தொட்டு, “போதுங்க, வாங்க” என்றார். அவர் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினார். அடுத்த வழி இன்னும் பாக்கி இருந்தது.